மணல் இல்லாத அடம்பு

செடியைப் பார்த்து வாட்டர் கலரில் படம் வரைகிறவனுக்கு வெயில்கூடப் பகை இல்லை. ‘அழகா இருக்கு’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்தான் பகை. தூரிகையும் பிடித்து, மனுவும் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பூ எதற்கு?

தொண்ணூறுகளில் சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு மணல்மேட்டை வழித்துவிட்டுச் சொகுசு விடுதி கட்ட ஏற்பாடு நடந்தது. மேடு போனால் கடல் நேரே மீனவர் குப்பத்துக்குள் வரும். அந்த மேட்டைக் கட்டிப்பிடித்திருந்தது அடம்புக் கொடி. விடுதியை எதிர்த்து நாங்கள் போட்ட துண்டறிக்கையின் முகப்புக்கு அதையே வரைந்தேன். ஆட்டுக் குளம்பு போன்ற இலை, கத்தரிப்பூ நிறத்தில் பூ. அச்சகத்தில் நின்ற தோழர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இன்னா தோழரே, போராட்டத்துக்குக் கூப்புடுறோமா, கல்யாணத்துக்கா?”

வெள்ளைத் தாள்

செடிப் படத்துக்கு ஒரு முறை உண்டு. வேரோடு எடுத்து, மண்ணை அலசி, வெள்ளைத் தாளில் செடியை மட்டும் வரைய வேண்டும். பின்னணி கூடாது. முறை தவறாமல் செய்தேன். அந்த வேலையில் எவரும் என்னிடம் குறை கண்டதில்லை. குப்பத்து மீனவர் ஏழுமலை கண்டார்: “செடி அப்டியே கீது அண்ணாத்த. அது புட்ச்சிகினு கீற மணலு எங்க?”

நல்ல ரசிகர்

கல்பாக்கத்தில் படங்களைக் கண்காட்சியாக வைத்தோம். மாலையில் வேலை முடிந்து குடும்பம் குடும்பமாக வந்து பார்த்தார்கள், சிலர் எங்கள் மனுவில் கையெழுத்தும் போட்டார்கள். ஒருவர் மட்டும் அடம்பின் முன்னால் நெடுநேரம் நின்று, கொடியின் வளைவை விரலால் காற்றில் போட்டுப் பார்த்தார். நம் பக்கம் ஒரு ஆள் சேர்ந்தார் என்று மகிழ்ந்துபோய், அந்த வளைவு மணலை எப்படிப் பின்னுகிறது என்று விளக்கினேன். கேமராவில் எடுத்துக்கொள்ளவும் விட்டேன். அந்த விடுதிக்கு உள் அலங்காரம் செய்பவர் அவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “பின்னணியே இல்ல சார், ரொம்ப சௌகரியம்.”

வரவேற்பறை

மேடு போயிற்று, விடுதி வந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு நாள், கடலுக்குப் போகும் பாதையைத் திறந்துவிடக் கேட்டு நானும் ஏழுமலையும் உள்ளே போனோம். சுவர் ஓடு, திரைச்சீலை, தேநீர்க் கோப்பை எல்லாவற்றிலும் என் கொடி. ஒரு இலை பிசகவில்லை. அதுதான் நெஞ்சை அறுத்தது. மேலாளர் வரும்வரை ஏழுமலை சுவரில் இருந்த கொடியைத் தடவிக்கொண்டிருந்தார். “உன்து தான அண்ணாத்த? இங்கயும் மணல காணோம்.”

மேட்டைக் காக்கப் படம் வரைந்து, அதை வழித்தவர்களின் சுவரை அலங்கரித்துக் கொடுத்த போராளி இந்தக் கரையில் என்னைத் தவிர இன்னொருவர் இருந்தால், சங்கம் அமைக்க நான் தயார்.