எல்லோரும் சிரிக்கிற காட்சி

தியேட்டர் மேனேஜர் வேலை எப்படிப்பட்டது என்றால், படம் ஓடினால் பெயர் கதாநாயகனுக்கு, ஓடாவிட்டால் திட்டு எனக்கு. தனக்குப் பிடித்த படத்தை நாலு பேருக்குக் காட்டிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நாம் ஒரே சாதி. மேலே படிக்கலாம்.

திருத்தணியில் எங்கள் தியேட்டரில் சமீபத்தில் ஒரு பழைய காதல் நகைச்சுவைப் படத்தைத் தூசு தட்டி, பளிச்சென்று மறுபடி திரையிட்டோம். பெயர் வேண்டாம். உங்கள் வீட்டிலும் அதற்கு ஒரு கட்சியும் எதிர்க்கட்சியும் இருக்கும். கதை இவ்வளவுதான்: எதிர்வீட்டுக்குக் குடிவந்த கதாநாயகன் பாட்டு டீச்சரான கதாநாயகியை பஸ்ஸில் பின்தொடர்கிறான், பொய்க்கு மேல் பொய்யாகச் சொல்கிறான். அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நிச்சயமாகிறது. முகூர்த்த நேரத்தில் அவள் மணையை விட்டு எழுந்து இவனோடு போய்விடுகிறாள். நெற்றியில் பாசிகம் கட்டிய மாப்பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு தனியாக உட்கார்ந்திருப்பான். அந்த இடத்தில் சிரிப்பில் தியேட்டரே அதிரும்.

முதலாளியிடம் கெஞ்சி இந்தப் படத்தைப் போட வைத்ததற்குக் காரணம் என் மனைவி ரேணுகா. எங்களுக்கு நிச்சயமான புதிதில், நகரியிலிருந்து அவளுடைய அண்ணன் அவளை மலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். சாமி கும்பிட்ட கையோடு மூன்று பேரும் இதே தியேட்டரில் இந்தப் படத்துக்குத்தான் போனோம். கல்யாணப் பந்தல் காட்சி ஆரம்பித்ததும் மச்சான் வயிறு சரியில்லை என்று எழுந்து எதிரே டீக்கடைக்குப் போய்விட்டார். நான் மாப்பிள்ளையின் முழியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்தில் ரேணுகாவும் சிரித்தாள். நமக்கேற்றவள் கிடைத்துவிட்டாள் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டினேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் நான் சமாதானமாகியிருக்கிறேன். இன்னொரு தரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதே இடத்தில் சிரிக்க வேண்டும், அதுதான் என் ஆசை. அவளோ வேலை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

இடைவேளையில் ஒரு விசாரணை

முதல் நாள் மதியக் காட்சி. இடைவேளையில் இரண்டு கல்லூரிப் பெண்கள் என் அறைக்கு வந்தார்கள். பாப்கார்னில் உப்பு அதிகம் என்று சொல்ல வந்திருப்பார்கள் என நினைத்து, கேன்டீன்காரரைக் கூப்பிட எழுந்தேன். அவர்களுக்குப் பாப்கார்ன் பிரச்சினை இல்லை. படம்தான் பிரச்சினை.

“ரொம்ப நல்ல காதல் படம்மா” என்றேன். அதில் ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவள் சொன்னதைக் கேட்டு உட்கார்ந்தவன் படம் முடிகிறவரை எழுந்திருக்கவில்லை.

“அங்கிள், காதல் எப்போ ஆரம்பிக்கும்? இவ்ளோ நேரமா அவன் பின்னாடியே வந்துகினுதானே இருக்கான்? எங்க தெருவுல ஒருத்தன் இப்படி வந்தான், ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டோம்.”

பரம ரசிகர்

பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு நெசவாளர் தினமும் பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தார். அதே காட்சி, அதே மூலை சீட்டு. என் கட்சிக்கு ஒரு ஆளாவது கிடைத்தாரே என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு நாள் அவருக்கு என் செலவில் காபி வாங்கிக் கொடுத்து, படத்தில் எந்த இடம் ரொம்பப் பிடிக்கும் என்று கேட்டேன். அவர் காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். முன்னாலேயே சொல்லியிருந்தால் காபி மிச்சமாகியிருக்கும்.

“படமா? நான் எங்க சார் பாத்தேன்? வீட்ல பவர்லூம் ஓடிகினே இருக்குது, கண்ணை மூட முடியல. இந்தப் படத்துல சண்டையே இல்லியா, யாரும் எழுப்ப மாட்டேன்றாங்க. நல்லா தூக்கம் வருது.”

நாளைக்குக் கல்யாணம்

மலைக் கோயிலில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் முதல் நாளே வந்து கீழே லாட்ஜில் தங்குவார்கள். சாயங்காலம் பொழுது போகாமல் எங்கள் தியேட்டருக்கு வருவது வழக்கம். அப்படித்தான் ஒரு கூட்டம் வந்து மொத்த பால்கனியையும் கேட்டது. பணத்தை வாங்கிய பிறகுதான் கவனித்தேன், நடுவில் கை நிறைய மருதாணியோடு ஒரு பெண். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விடிந்தால் மணையில் உட்காரப் போகிறவளுக்கு, மணையிலிருந்து எழுந்து ஓடுகிற படத்தையா காட்டுவது? புரொஜெக்டர் கோளாறு என்று புளுகிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அப்பா நம்பவில்லை. படம் முடிந்து அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாக ஆட்டோ பிடித்து மலைக்குப் போனேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தால், கழுத்தில் புதுத் தாலியோடு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தாள். அப்பாடா என்று முருகனைக் கும்பிட்டேன். அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். தயங்கித் தயங்கி என் பயத்தைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை முகம் வெளுத்தது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“நீங்க வேற சார்! அவன்கூட ஓடிப்போயி இன்னா பண்றது? படம் பூரா ஒரு நாளாவது வேலைக்குப் போனானா அவன்?”

ஞாயிற்றுக்கிழமை

இத்தனை பேர் சொன்னதில் எனக்கே படத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், ரேணுகா சிரித்தால் போதும் என்று காத்திருந்தேன். நகரியிலிருந்து மச்சானையும் போனில் கூப்பிட்டேன். கல்யாணமே வேண்டாம் என்று தனியாக இருந்துவிட்ட மனிதர், ஒரு நாள் பொழுது போகட்டுமே என்றுதான். “எனக்கு அதெல்லாம் ஒத்துக்காது மாப்ள” என்று வைத்துவிட்டார்.

ரேணுகா வந்தாள். பட்டுப்புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டுதான் வந்தாள். முதல் பாதியில் நன்றாகவே சிரித்தாள். பந்தல் காட்சி வந்தது, நாயகி எழுந்து போனாள், மாப்பிள்ளை வாயைப் பிளந்தான், தியேட்டர் அதிர்ந்தது. நானும் சிரித்துக்கொண்டே ஆசையாகத் திரும்பினேன். அவள் திரையைப் பார்க்கவே இல்லை. தலையைக் குனிந்து முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். என் சிரிப்பு பாதியில் நின்றது.

கூட்டம் போகும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை, அன்றைக்கு அப்படிச் சிரித்தாயே என்று கேட்டேன். சுருட்டிய முந்தானையைப் பிரித்து விட்டுக்கொண்டாள். பிறகு, ரொம்ப நாளாக எடுத்து வைத்திருந்ததைக் கொடுப்பது போல நிதானமாகச் சொன்னாள்.

“எங்கண்ணன் இப்படித்தாங்க மணையில உக்காந்துகினு இருந்தாரு. பொண்ணு போயிடுச்சு. பந்தல்ல இருந்தவங்க வாயைப் பொத்திகினு சிரிச்சாங்க. இது தெரிஞ்சா நம்ம சம்பந்தம் உட்டுப்போயிடும், உங்களாண்ட சொல்லக் கூடாதுன்னு நைனா சத்தியம் வாங்கிட்டாரு. அன்னைக்கு நான் சிரிக்காம இருந்தா ஏன்னு கேட்டிருப்பீங்க இல்ல? அதான் சிரிச்சேன்.”

படம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அந்தக் காட்சி வந்தால் மட்டும் நான் எழுந்து எதிரே டீக்கடைக்குப் போய்விடுகிறேன், மேனேஜருக்கு வயிறு சரியில்லை என்று எங்கள் ஆட்கள் பேசிக்கொள்கிறார்கள்.