தகப்பனார் அல்லது ரட்சகர்த்தா

பள்ளி இறுதித் தேர்வில் நான் தேறியபோது, கூடப் படித்தவர்கள் எல்லாரும் எந்தெந்தக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவது என்று வீட்டில் யோசனை செய்துகொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. திருவனந்தபுரம் என்று மாமா எப்போதோ தீர்மானித்திருந்தார். முதலில் இன்டர்மீடியட், பிறகு பி.ஏ., அதற்கும் பிறகு வக்கீல் படிப்பு. அம்மாவின் குடும்பத்து நிலம் ஒன்றின்மேல் நாகர்கோவில் கோர்ட்டில் ஒரு வழக்கு இழுத்துக்கொண்டே கிடந்தது. மருமகன் வக்கீலாகி வந்து அதை முடித்துவைப்பான் என்பது மாமாவின் கணக்கு.

மாமா ஏன் தீர்மானிக்க வேண்டும் என்று இன்றைக்குப் பிள்ளைகள் கேட்கலாம். நாஞ்சில் நாட்டில் எங்கள் சமுதாயத்துக்கு அப்போது மருமக்கள் வழி. சொத்து தாய்மாமனிடமிருந்து அவர் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். நாங்கள் இருந்தது அப்பாவின் வீட்டில். ஆனால் எங்களுக்குச் சோற்றுக்கு நெல்லும் ஓணத்துக்குத் துணியும் மாமா வீட்டிலிருந்து வந்தன. பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்க்கக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவரும் மாமாதான். அங்கே பதிவேட்டில் ரட்சகர்த்தா, அதாவது காப்பாளர், என்ற இடத்தில் அவர் பெயர்தான் இருந்தது. அப்பா என் படிப்பைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டதில்லை. என் புத்தகங்களை எடுத்துப் புரட்டிப் பார்ப்பார், நான் வருவது தெரிந்தால் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார்.

அந்தச் சமயத்தில் எங்கள் சமுதாயத்துக்கென்று புதுச் சட்டம் வந்திருந்தது. பெண்டாட்டி பிள்ளைகள் இனித் தகப்பனின் பொறுப்பு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்கு வீடு சண்டை நடந்தது. எங்கள் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. அப்பா வழக்கம்போல வயலுக்குப் போனார், வந்தார்.

ஒரு நாள் காலையில் நானும் அவரும் குளத்தில் குளித்துவிட்டு வரப்பில் வந்துகொண்டிருந்தோம். முன்னால் நடந்தவர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"லே மக்கா, உனக்கு எங்க போயி படிக்கணும்னு இருக்கு?"

"மாமா திருவனந்தபுரம்னு சொல்லியாச்சுல்லா?"

"மாமா சொன்னது எனக்குத் தெரியும். நீ சொல்லு."

யாரும் கேட்காததால் நான் அதை யோசித்ததே இல்லை. பதில் சொல்லாவிட்டால் அப்பா இனி ஒருபோதும் கேட்கமாட்டாரோ என்று பயம் வந்தது. எங்கள் கணக்கு வாத்தியார் பாளையங்கோட்டையில் படித்தவர். அந்த ஊரின் பெயர் வாயில் வந்தது.

"பாளையங்கோட்டை."

"அங்க என்ன இருக்கு?"

"தெரியல்லப்பா. நான் ஆரல்வாய்மொழிக்கு அப்பறம் போனதே இல்லியே."

அப்பா நின்று திரும்பினார். சிரித்துக்கொண்டிருந்தார். "நானும் போனதில்லடே. போயி பாத்துட்டு வருவமா?"

அடுத்த வாரம் அம்மா புளிச்சோறு கட்டித் தந்தாள். எங்கே போகிறோம் என்று அவளுக்குத் தெரியும். தன் அண்ணனிடம் அதை அவள் சொல்லவில்லை. மோட்டார் பஸ்ஸில் நான் ஜன்னல் ஓரம், அப்பா என் பக்கத்தில். ஆரல்வாய்மொழி சுங்கச் சவுக்கையில் பஸ்ஸை நிறுத்தி மூட்டைகளைச் சோதித்தார்கள். அப்போது அங்கேதான் திருவிதாங்கூர் சமஸ்தானம் முடிந்து பிரிட்டிஷ் சீமை தொடங்கியது. மலைகளுக்கு நடுவே காற்று ஆளைத் தள்ளியது. அப்பா தோளில் கிடந்த நேரியலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதற்கு அப்புறம் பச்சை குறைந்து பனைமரமும் செம்மண்ணுமாக வந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே போனோம்.

கல்லூரிக்கு விடுமுறை. நீண்ட வராந்தாவில் ஒரு பியூன் மட்டும் உட்கார்ந்திருந்தான். அப்பா அவனிடம் வகுப்பு ஒன்றைப் பார்க்கலாமா என்று அத்தனை மரியாதையாகக் கேட்டார். அவன் சாவிக்கொத்தோடு எழுந்து வந்து ஓர் அறையைத் திறந்துவிட்டான். அப்பா உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மேஜையை உள்ளங்கையால் தடவினார். கரும்பலகையைப் பார்த்தார். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என்பது எனக்குத் தெரியும். நிறுத்தியபோது அவருக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. நானும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"இங்கயிருந்தா பலகை தெரியுமா மக்கா?"

"தெரியும்ப்பா."

"ஆனாலும் முன்னால இரி."

ஆபீசில் இருந்த குமாஸ்தா விண்ணப்பத் தாளை எடுத்தபடி கேட்டார்: "பையனுக்கு நீங்க என்ன வேணும்?"

"அப்பா," என்றார். குமாஸ்தா தாளை நீட்டினார். அதை அப்பா வாங்கிக்கொண்டு, யாரும் கேட்காமலே, இன்னொரு முறை சொன்னார்: "நான்தான் அவனுக்கு அப்பா."

வீட்டுக்கு வந்து நான்தான் இங்கிலீஷில் எழுதி நிரப்பினேன். தகப்பனார் அல்லது ரட்சகர்த்தாவின் கையெழுத்து என்ற இடத்துக்கு வந்ததும் அப்பா பழைய பஞ்சாங்கத்தின் ஓரத்தில் நாலைந்து தடவை போட்டுப் பார்த்தார். பிறகு தாளில் தமிழில் போட்டார். எழுத்துகள் பெரிதாக, ஒன்றையொன்று தொடாமல் நின்றன.

இரண்டு நாளில் மாமாவுக்குச் சேதி போய்விட்டது. வந்தார், உட்காரவில்லை.

"மாப்பிளே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?"

"கேக்கல்ல அத்தான். அது தப்புதான். பையனிட்டக் கேட்டேன்."

"பதினேழு வயசுப் பயலுக்கு என்ன தெரியும்?"

"தெரியாதுதான். எனக்கும் தெரியாது. அதான் ரெண்டுபேருமாப் போயி பாத்துட்டு வந்தோம்."

அப்பாவின் குரல் உயரவில்லை. ஆனாலும் மாமாவுக்கு எதிரே அவர் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி நாங்கள் கேட்டதில்லை. அம்மா மோர் கொண்டு வந்தாள். மாமா அதை வாங்காமல் இறங்கிப் போனார்.

அன்று சாயங்காலமே அப்பா என்னைக் கூப்பிட்டார். "மாமா சொன்ன காலேஜுக்கும் ஒரு விண்ணப்பம் எளுதுலே. இத்தனை வருசம் உன்னைப் படிக்க வச்சது அவருல்லா."

எழுதினேன். இரண்டு இடத்திலும் இடம் கிடைத்துவிட்டது. திருவனந்தபுரத்துக் கடிதம் சமஸ்தானத்து அஞ்சலில் வந்தது. பாளையங்கோட்டைக் கடிதம் பிரிட்டிஷ் தபாலில், நாலு நாள் பிந்தி. இரண்டையும் அப்பா என் கையில் தந்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். நான் அம்மாவிடம் கேட்டேன்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் மக்கா," என்றாள். "ரெண்டு ஊர்லயும் நான் இருக்கமாட்டேன்." சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள். திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மூன்று நாள் அந்தக் கடிதங்களை வைத்துக்கொண்டு திரிந்தேன். திருவனந்தபுரத்தில் படித்தால் சர்க்கார் உத்தியோகம் எளிது என்று எல்லாரும் சொன்னார்கள். அது உண்மையும்கூட. ஆனால் கண்ணை மூடினால் அந்தக் கடைசி பெஞ்சுதான் தெரிந்தது. மாமாவிடம் வேறு யாரும் போய்ச் சொல்ல வேண்டாம் என்று நானே போனேன். களத்தில் நின்று நெல் அளப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நான் பாளையங்கோட்டைக்கே போறேன்."

என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "சரி," என்றார். அவ்வளவுதான். அதைவிடத் திட்டியிருக்கலாம். புறப்பட்ட அன்று பஸ்ஸுக்கு அவர் வரவில்லை.

ஹாஸ்டலில் சேர்ந்து இரண்டு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாரோ பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார்கள். வேப்பமரத்தடியில் மாமா நின்றார். கையில் ஓலைப்பெட்டி நிறைய முறுக்கும் ஒரு சீப்பு மட்டிப்பழமும்.

"கேஸ் விசயமா திருநெல்வேலி வந்தேன்," என்றார்.

நாகர்கோவில் கோர்ட்டில் நடக்கும் வழக்குக்குத் திருநெல்வேலியில் ஒரு வேலையும் இல்லை. அது எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். சோறு எப்படி, குளிக்க நல்ல தண்ணீர் உண்டா, ராத்திரி போர்த்திக்கொள்கிறேனா என்று வரிசையாகக் கேட்டார். படிப்பைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமானதும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"அப்பாவுக்கு எளுத்து போடுகியா?"

"வாரம் ஒண்ணு போடுவேன் மாமா."

"எனக்கும் போடுலே."

அந்த வாரத்திலிருந்து இரண்டு கடிதம் எழுதினேன். அப்பாவுக்குப் பாடங்களைப் பற்றி, மாமாவுக்குச் சாப்பாட்டையும் உடம்பையும் பற்றி. நான் வக்கீலாகவில்லை. கணக்கு படித்து, நாகர்கோவில் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வாத்தியாரானேன். வழக்கை வேறொருவர் நடத்திப் பாதி நிலத்தை மீட்டுத் தந்தார்.

கல்லூரியிலிருந்து முதல் விடுமுறைக்கு ஊர் வந்தபோது அம்மா ஒரு சேதி சொன்னாள். என் கடிதம் வந்த அன்று மாமா தம்முடையதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாராம். அப்பா தம்முடையதைக் கொண்டுவருவாராம். இரண்டு பேரும் மாற்றிக்கொண்டு, ஆளுக்கொரு தூணில் சாய்ந்து, சத்தம் போட்டு வாசிப்பார்களாம்.

"ரெண்டு பேரும் ஒண்ணாப் படிச்சா எனக்கு ஒண்ணும் வெளங்காது," என்றாள் அம்மா. "ஒவ்வொருத்தராப் படியுங்கோன்னு நான்தான் சண்டை போடுவேன்."