டிரில் விசிலுக்குக் கட்டுப்பட்ட ஓடம்

மேட்டூர் அணை கட்டி முடித்துச் சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். ஆவணி மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மோகனூர்ப் பக்கத்துக் காவேரித் துறையில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. 

நான் அப்போது சேலத்தில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி மாணவி. எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான்தான். அப்பா கைநாட்டு. அண்ணன் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதில்லை. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? லீவுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு மூட்டை புதுச் சேதிகளைக் கொண்டுபோய் அவிழ்த்துவிடுவேன்.

அந்த வருடக் கோடையில் எங்களை ரயிலேற்றிச் சென்னைக்குக் கூட்டிப்போய்த் துறைமுகத்தைக் காட்டினார்கள். ஒரு பெரிய நீராவிக் கப்பல் வந்தது. எங்கள் ஊரையே, ஆடு மாடு கோழியோடு, அதில் ஏற்றிவிடலாம் போல இருந்தது. ஆனால் அத்தனை பெரிய கப்பல் துறைமுகத்து வாயிலுக்கு வந்ததும் திகைத்து நின்றுவிட்டது. புகை கக்கிக்கொண்டு இரண்டு குட்டிப் படகுகள் ஓடின. ஒன்று கப்பலின் மூக்கில் வடம் மாட்டிக்கொண்டது, இன்னொன்று வாலில். மேலே நின்ற ஒருவர் விசில் ஊத, குட்டிப் படகுகள் பதிலுக்குக் கூவின. முன்னால் இருந்தது இழுத்தது. பின்னால் இருந்தது சில நேரம் இழுத்தது, சில நேரம் விட்டுக்கொடுத்தது. கப்பல் பக்கவாட்டில் அடி அடியாக நகர்ந்து, எருமை தண்ணீரில் படுப்பதுபோல அலுங்காமல் சுவரோரம் சாய்ந்துகொண்டது. இழுவைப் படகு என்று எங்கள் ஆசிரியை சொன்னார். துறைமுகத்து ஆட்கள் டக் என்றார்கள்.

ஊருக்கு வந்து இதை நான் சொல்லாத ஆள் இல்லை. நம்பிய ஆளும் இல்லை.

"அத்தாம்பெரிய கப்பலு கடலெல்லாம் தாண்டி வருதாமா, கரைக்கு வரத் தெரியாதாமா?" என்றாள், புருஷன் வீட்டிலிருந்து வந்திருந்த அக்கா.

"எருமையக் கொசு இழுத்துட்டுப் போச்சுன்னு சொல்லு அம்மிணி, நம்பிக்கறோம்" என்றான் அண்ணன்.

அன்றிலிருந்து எனக்கு வீட்டில் கப்பல்காரி என்று பேர். சோறு போடும்போதுகூட, "கப்பல்காரிக்கு இன்னொரு கரண்டி ஊத்துங்க" என்பார்கள்.

அக்காவை ஆற்றுக்கு அக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தோம். அந்த ஆவணியில் அவளுக்குக் கட்டுச்சோறு வைத்திருந்தார்கள். இது எங்கள் பக்கத்து வழக்கம். முதல் பிள்ளை உண்டான பெண்ணுக்குப் பெற்றவர்கள் வகைவகையாகச் சோறு கட்டி எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போவார்கள். விருந்து முடிந்ததும் பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவார்கள். அப்பாவும் அம்மாவும் சொந்தக்காரர்களும் காலையிலேயே ஆற்றைத் தாண்டிப் போய்விட்டார்கள். எனக்கு அன்று காலை பள்ளியில் டிரில். மாணவிகளுக்கு நான்தான் டிரில் தலைவி. முடித்த கையோடு பஸ் ஏறி நாமக்கல்லில் இறங்கினேன். அண்ணன் வண்டியோடு காத்திருந்தான். அக்காவை ஏற்றிவர நாங்கள் இருவரும் துறைக்குப் போனோம். என் கழுத்தில் டிரில் விசில் தொங்கிக்கொண்டே இருந்தது, கழற்ற மறந்திருந்தேன்.

துறையில் ஒரே இரைச்சல். மேலே எங்கோ மழை பெய்து அணையில் தண்ணீர் கூடுதலாகத் திறந்திருந்தார்கள். எங்கள் துறை ஓடம் பெரியது. வண்டி மாட்டையே ஏற்றும். அதைக் கழி ஊன்றித்தான் தள்ளி வருவார்கள். அன்று பாதி ஆற்றில் கழிக்குத் தரை எட்டவில்லை. அக்கரையில் வெகுவாக மேலே தள்ளி எடுத்த ஓடம் வெள்ளத்தில் இழுபட்டு வந்து, எங்கள் துறைக்குக் கொஞ்சம் மேலே ஒரு நாணல் திட்டில் மோதி நின்றிருந்தது. ஓடக்காரர்கள் திட்டில் கழிகளை ஊன்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். திட்டுக்கும் கரைக்கும் நடுவில் வேகமான ஓட்டம். துறைக்குக் கீழே முழுக்கப் பாறை.

அப்பாவும் சொந்தக்காரர்களும் சூழ, ஓடத்தின் நடுவில் அம்மாவின் மடியில் சாய்ந்து, பட்டுச் சேலையும் கை நிறைய வளையலுமாக, அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"பரிசல்ல கூட்டியாந்தறலாமுங்களா?" என்று அண்ணன் கேட்டான்.

"தனியாளாப் போயிட்டு வாரேனுங்க. வவுத்துப் புள்ளக்காரிய ஏத்திக்கிட்டு முடியாதுங்க. தண்ணி சுத்துற சுத்துல பம்பரமா சுத்திப்புடும்" என்றார் பரிசல்காரர்.

நாணலின் அடித்தண்டு நான் வந்தபோது தெரிந்தது, இப்போது தெரியவில்லை. திட்டு முழுகினால் கழிக்குப் பிடி கிடையாது. பிறகு ஓடம் நேராகப் பாறைக்குத்தான்.

துறைக் குத்தகைக்காரர் ஒரு நீள வடத்தின் முனையைப் பரிசலில் கொடுத்தனுப்பினார். பரிசல்காரர் மேலே வெகுதூரம் நடந்துபோய் ஆற்றில் இறங்கி, சுழன்று சுழன்று வந்து திட்டைப் பிடித்து, வடத்தை ஓடத்தின் மூக்கில் கட்டினார். கரையில் இருந்த ஆண்கள் எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள். ஓடத்தின் மூக்கு எங்கள் பக்கம் வெடுக்கென்று திரும்பியது. வால் வெளியே வீசியது. ஒரு பக்கத்துப் பலகைக்கு மேலே தண்ணீர் ஏறி உள்ளே கொட்டியது. அம்மா போட்ட அலறல் அத்தனை இரைச்சலையும் தாண்டிக் கேட்டது. இழுத்தவர்கள் பயந்து வடத்தைத் தளர விட்டார்கள். ஓடக்காரர்கள் கழியை விடாததால் ஓடம் மறுபடி திட்டோடு ஒண்டிக்கொண்டது.

எனக்குச் சென்னைத் துறைமுகம் கண் முன்னால் வந்து நின்றது.

"அண்ணா, ஒத்தை வடத்துல வராது. மூக்குல ஒண்ணு, வால்ல ஒண்ணு கட்டணும். ரெண்டையும் கரையிலிருந்து பதமா இழுக்கணும். வால் வெளியே போனா இழுத்துப் பிடிக்கணும், முந்திக்கிட்டு வந்தா விட்டுக்கொடுக்கணும். அப்பத்தான் பக்கவாட்டுல வரும்!"

குத்தகைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங் மாப்ள, உங்கூட்டு அம்மிணிக்கு ஓடம் உடறதும் பள்ளிக்கூடத்துல சொல்லித் தராங்களா?"

"இது கப்பலு உடறதுங்க" என்றான் அண்ணன். ஆனால் சிரிக்கவில்லை. ஓடத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "பதமா இழுத்துப் பதமா உடறதுக்கு மனுசக் கை ஆகாது அம்மிணி. ஆளுக்கு ஒரு பக்கம் இழுப்பாங்க. அந்த டக்குக்கு எங்க போறது?"

சொல்லி வாய் மூடவில்லை, அவன் தலை வண்டிப் பக்கம் திரும்பியது. என் தலையும் திரும்பியது. எங்கள் மாடுகள் செவலையும் மயிலையும் அசைபோட்டுக்கொண்டு நின்றன.

எங்கள் ஊர்களில் கிணற்றுத் தண்ணீரைக் கவலை என்ற ஏற்றம் கட்டி இறைப்பார்கள். மாடுகள் சரிவில் இறங்கினால் வடம் இழுபட்டுத் தண்ணீர் நிறைந்த தோல் பறி மேலே வரும். பறி கொட்டியதும் மாடுகள் பின்னாலேயே நடந்து மேட்டுக்கு ஏறும். பறி கிணற்றுக்குள் இறங்கும். முன்னால் இழுக்க எந்த மாட்டுக்கும் தெரியும். வடம் துவளாமல், வெட்டாமல், ஒரே சீராகப் பின்னுக்கு நடந்து விட்டுக்கொடுக்க, எங்கள் ஜோடியைப் போன்ற கவலை மாட்டுக்குத்தான் தெரியும்.

"ஏனுங்க, உங்க கவலை மாட்டையும் வடத்தையும் புடிச்சுக்கிட்டு ஓடியாங்க!" என்று அண்ணன் கூட்டத்தில் நின்ற பக்கத்துத் தோட்டக்காரரைப் பார்த்துக் கத்தினான். அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. வடங்களை முடிந்து நீளமாக்கினார்கள். பரிசல்காரர் இன்னொரு முறை போய் அதை ஓடத்தின் வாலில் கட்டினார். விசில் கேட்டால்தான் கழியை எடுக்க வேண்டும் என்று ஓடக்காரர்களிடம் சொன்னார். மூக்கு வடத்தில் தோட்டக்காரரின் ஜோடி. வால் வடத்தில் எங்கள் ஜோடி. நான் வண்டி மேல் ஏறி நின்றேன். அங்கிருந்து ஓடம் முழுதும் தெரிந்தது. நீளமாக ஒரு ஊதல் என்றால் இரண்டு ஜோடியும் இழுக்க வேண்டும். குட்டையாக இரண்டு என்றால் வால் ஜோடி விட வேண்டும். கத்தினால் கேட்காது என்பதால் இந்த ஏற்பாடு.

"பொட்டப்புள்ள சீட்டியடிக்குது, ஊரே வேடிக்கை பாக்குது. காலம் கெட்டுப்போச்சு" என்று ஒருவர் முணுமுணுத்தார்.

"அடிக்கட்டுமுங்க. உங்க சத்தம் அக்கரைக்குக் கேக்குமுங்களா?" என்றார் தோட்டக்காரர்.

சும்மா ஒரு தடவை ஊதிப் பார்த்தேன். ஓடம் அசையவில்லை, மாடுகள்தான் அசைந்தன. ஆயுளில் விசிலே கேட்டிராத செவலை நாலு காலையும் தூக்கித் துள்ளியது. அண்ணன் சேற்றில் குப்புற விழுந்தான். அந்த நேரத்திலும் கரையே சிரித்தது. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, செவலையின் கழுத்தைத் தடவி, கிணற்றடியில் பாடும் கவலைப் பாட்டை மெதுவாக எடுத்தான். தோட்டக்காரரும் கூடச் சேர்ந்துகொண்டார். மாடுகளுக்கு அது தெரிந்த சங்கதி. காதுகள் தளர்ந்தன. இனி ஆறென்ன, விசிலென்ன, அவை வேலைக்கு வந்துவிட்டன.

நான் நீளமாக ஊதினேன். ஓடக்காரர்கள் கழியை எடுத்தார்கள்.

ஓடம் திட்டை விட்டு ஓட்டத்துக்குள் வந்தது. என் வாய் உலர்ந்துவிட்டது. விசிலில் காற்றுதான் வந்தது. எச்சிலை வரவழைத்து மறுபடி ஊதினேன். வால் வெளியே போகப் பார்த்தது. எங்கள் ஜோடி குளம்பு புதையப் புதைய இழுத்துப் பிடித்தது. ஒரு சுழி வந்து வாலை உள்ளே தள்ளியதும் இரண்டு குட்டை ஊதல். செவலையும் மயிலையும், வீட்டுக் கிணற்றில் பறி இறக்குவதுபோல, பின்னுக்கு நடந்தன. வடம் தொய்யவும் இல்லை, வெட்டவும் இல்லை. மறுபடி நீள ஊதல். ஓடம் மூக்கும் வாலும் சமமாக, பக்கவாட்டில், அடி அடியாக எங்களைப் பார்த்து வந்தது. நான் சென்னையில் பார்த்தேனே, அச்சு அசல் அப்படியே!

துறைப் படியில் அது இடித்தது எனக்குக் கேட்கவே இல்லை. தொட்டு நின்றது, அவ்வளவுதான்.

ஆண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து ஓடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பாவும் அம்மாவும் கைத்தாங்கலாக அக்காவை இறக்கினார்கள். நான் வண்டியிலிருந்து குதித்து ஓடி அவளைக் கட்டிக்கொண்டேன். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் விசிலைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "ஏண்டி கப்பல்காரி, எருமைய இழுத்த கொசு இதுதானா?" என்றாள். அதைக் கேட்டதும் நான்தான் அழுதுவிட்டேன்.

அம்மா செவலையின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். குத்தகைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் வந்து, "அம்மிணி, அந்தக் கப்பல் சேதிய இன்னொருக்கா சொல்லு சாமி" என்றார். சம்பந்தி வீட்டார் திரும்பக் கட்டிக்கொடுத்திருந்த புளிச்சோறும் தயிர்ச்சோறும் கூடையில் இருந்தன. வீடு வரைக்கும் யார் பொறுப்பது? துறையின் அரசமரத்தடியிலேயே அவிழ்த்து, ஓடக்காரர்கள், பரிசல்காரர், தோட்டக்காரர், சீட்டியைப் பழித்தவர் எல்லாருக்கும் அப்பாவே கையால் எடுத்து வைத்தார். நான் கப்பல் கதையை முதலிலிருந்து சொன்னேன். முதல் முறையாக எல்லாரும் நம்பினார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அக்கா வண்டிக்குள் தூங்கிவிட்டாள். அண்ணன் மாடுகளின் பக்கத்தில் சேறும் சகதியுமாக நடந்து வந்தான். நடந்துகொண்டே சொன்னான்:

"மூக்குல இருந்த சோடிதான் இழுத்துச்சுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. வால்ல இருந்தது பாதி நேரம் பின்னாலதான் நடந்துச்சு. ஆனா அது இல்லீன்னா ஓடம் பாறைலதான், என்ன அம்மிணி?"

மாடுகளைப் பற்றித்தான் சொன்னான். எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. கவலை ஓட்டும்போது வடத்தின் மேல் ஒரு பிள்ளை உட்கார வேண்டும், பாரத்துக்காக. எங்கள் வீட்டில் அது அண்ணனுக்கும் எனக்கும் முறை வைத்துப் போகும் வேலை. நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து என் முறைக்கும் அவனே உட்கார்ந்தான். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.  வண்டியிலிருந்து இறங்கி, அவனோடு வீடு வரை நடந்தேன்.

அடுத்த மாதம் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இப்போது அந்தக் குட்டி நடக்கிறாள். என் விசிலைப் பிடுங்கி ஊதி வீட்டில் யாரையும் தூங்க விடுவதில்லை. செவலை அந்தச் சத்தம் கேட்டால் தலையைக்கூடத் தூக்காது.

நான் இப்போது எங்கள் பக்கத்திலேயே ஒரு பள்ளியில் ஆசிரியை. துறைமுகப் பாடம் வரும்போது பிள்ளைகளுக்கு இரண்டு இழுவைப் படகுகளைப் பலகையில் வரைந்து காட்டுவேன். முன்னால் இருப்பதை அவர்களே கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள், வாலில் இருப்பதைச் சொல்லும்போது மட்டும் என் குரல் கொஞ்சம் பெருமையாக எழும்பிவிடுகிறது, ஏனென்றால் நான் கரை சேர்ந்தது அப்படி ஒருவன் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்ததால்தான்.