லொரேத்தாள் கொடுத்த சிப்பிப் பற்பம்

1974 ஆகஸ்டு ஆறாம் தேதி, மாதா திருவிழாவுக்கு மறுநாள், ஹில்டா நர்ஸ் வேலைக்கு ஜெர்மனிக்குக் கிளம்பினாள். ரயிலடியில் அவளுடைய அப்பா சவரியான் தூக்கிய பெட்டி கை நடுங்கிக் கீழே விழுந்தது.

“ஏளா, எத்தன படகுக்குப் பெயிண்ட் அடிச்ச கை, ஒம் பெட்டிக்கு நடுங்குது பாரு!” என்று சிரித்தார்.

துறைமுகத்தில், படகுகளின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க மருந்துப் பெயிண்ட் அடிப்பது அவர் வேலை. ஹில்டா போன இரண்டே மாதத்தில் வீட்டுக்கு வழி மறந்து கடற்கரையில் நின்றார். சுண்ணாம்புச் சத்து குறைவு என்றார் வைத்தியர். மனைவி லொரேத்தாள் முத்துச்சிப்பியைச் சுட்டுப் பொடித்த பற்பத்தைப் பாலில் கலக்கி இரண்டு வேளையும் கொடுத்தாள்.

“என்னளா, எனக்கு வெள்ளையடிக்கியா?”

“குடியும். கை நடுக்கம் நிக்கட்டும், பொறவு பேசும்.”

நடுக்கம் நிற்கவில்லை. மூன்றாம் வருடம் பற்பம் தீர்ந்தபோது, அதைச் செய்து தரும் வைத்தியர் ஏரல் ஊருக்குப் போயிருந்தார். நான்கு நாள் மருந்தில்லை. ஐந்தாம் நாள் வலிப்பு வந்து சவரியான் அவள் மடியிலேயே அடங்கினார். அந்த நான்கு நாளை அவள் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் திரும்பத் திரும்பச் சொன்னாள். சாமியார் என்ன ஆறுதல் சொன்னாலும் மனசு கேட்கவில்லை.

பதினாறு வருடம் கழித்து ஹில்டாவின் கடிதம் வந்தது.

“அம்மா, அப்பா படகுக்கு அடித்த மாதிரிப் பெயிண்டில் வெள்ளீயம் சேர்ந்த ஒரு விஷம் இருக்குமாம். அது நரம்பணுக்களுக்குள் கால்சியத்தை, அதாவது சுண்ணாம்புச் சத்தை, அளவுக்கு மீறி ஏற்றி, அவற்றைச் சாகடிக்கிறது என்று இங்கே ஆராய்கிறார்கள். அப்பாவுக்கும் அதுதானா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதுவாக இருந்தால், வாயால் கொடுக்கும் சுண்ணாம்பு அதைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது; அந்த நான்கு நாள் நீ பற்பம் கொடுத்திருந்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒன்றும் மாறியிருக்காது.”