மிராசுதாரின் பந்தை மூன்று வருஷம் கீழே விட்ட கதை

1. முதல் நாள்

பாகூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் வேலை போயிருக்கும். என்ன வேலை என்று சொன்னால் சிரிப்பீர்கள். பேஸ்பால் ஆட்டத்தில் மைதானத்தின் கடைசியில் நின்று, அடிபட்டு உயரே வரும் பந்தைப் பிடிப்பது. அவுட்பீல்டர் என்று அதற்குப் பெயர். தரையில் விழுமுன் பிடித்தால் அடித்தவர் அவுட்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து பெரிய சண்டைக்குப் பிரான்சு போய்வந்த சொல்தா ஒருவர், அங்கே அமெரிக்கச் சிப்பாய்களிடம் இந்த ஆட்டத்தைக் கற்று, எங்கள் மணப்பட்டுக் கடற்கரையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். என் பிடியைப் பற்றிக் கேள்விப்பட்ட பாகூர் மிராசுதார் தம் புது டீமுக்கு என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், மற்ற நாள் அவருடைய கரும்புக் கொல்லைக்குக் காவல். இருக்கக் கொல்லையிலேயே ஒரு வீடும் உண்டு.

அந்த வீடுதான் எனக்கு முக்கியம். என் மனைவி பாஞ்சாலையின் அண்ணன் கடலுக்குப் போனவன் திரும்பவே இல்லை. "நீ மறுபடி கட்டுமரம் ஏறுன, நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள் அவள்.

முதல் ஞாயிறு டீமையே இரண்டு கட்சியாகப் பிரித்து ஆடினோம். எதிர்க்கட்சியில் மிராசுதார் பேட் பிடித்து ஓங்கி அடித்தார். பந்து நேரே என்னிடம் வந்தது. இதென்ன பிரமாதம் என்று கையை நீட்டினேன். எனக்குப் பின்னால் வரப்பில் குடையோடு நின்ற கணக்குப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு, "வுடுடா பாவி!" என்றார். திடுக்கிட்டுக் கையை இழுத்தேன். பந்து என் மூக்கில் விழுந்தது.

கணக்குப்பிள்ளை ஓடிவந்து ரத்தத்தைத் துடைப்பதுபோலக் குனிந்தார். "இன்னாடா, பொழைக்க வந்தியா, பந்து புடிக்க வந்தியா? ஐயா பந்த இந்த ஊர்ல எவனும் புடிச்சது கெடையாது. புடிச்சா அன்னிக்கே மூட்டையக் கட்டிக்க."

பிடிப்பதற்கென்று கூட்டிவந்த ஆளிடம் பிடிக்காதே என்றால் என்ன செய்வது? தலையாட்டினேன்.

2. விடுவதில் உள்ள சிரமம்

பந்தை விடுவது சுலபம் என்று நினைக்காதீர்கள். சும்மா நின்றால் சோம்பேறி என்பார்கள். உயிரைக் கொடுத்து ஓட வேண்டும், கடைசி நொடியில் தவற வேண்டும். ஒரு வாரம் வெயில் கண்ணில் பட்டதுபோல. மறுவாரம் வரப்பு தடுக்கியதுபோல. தினமும் காலையில் பாஞ்சாலையை விளாங்காய் எறியச் சொல்லி, விட்டு விட்டுப் பழகினேன்.

"ஊர்ல அவனவன் ஜெயிக்கறதுக்குப் பழகுவான். எனக்கு வாச்சவன் தோக்கறதுக்குப் பழகுறான்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் குறிபார்த்து எறிந்தாள். வீடு அவளுக்கும் வேண்டியதுதானே.

மூன்று வருஷம் இப்படியே ஓடியது. மிராசுதார் ஒருமுறைகூட அவுட் ஆகவில்லை.

3. சம்பந்தி வந்த ஞாயிறு

மிராசுதார் தம் மகளை வில்லியனூரில் கட்டிக்கொடுத்தார். அந்தச் சம்பந்தியும் ஒரு டீம் வைத்திருந்தார். இரண்டு டீமும் மோதட்டும் என்று முடிவாயிற்று.

சம்பந்தி அடித்தார். பந்து மேலே ஏறி என் பக்கம் இறங்கியது. நான் கணக்குப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன். சம்பந்தி பந்துக்கு என்ன சட்டம் என்று அவருக்கே தெரியவில்லை. குடையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"புடிடா மணப்பட்டான்!" என்று மிராசுதார் கத்தினார். பிடித்துவிட்டேன். மூன்று வருஷத்தில் முதல்முறையாக ஒரு முதலாளி அடித்த பந்து கையில் வந்து உட்கார்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சம்பந்தி கோபப்படவில்லை. திகைத்து நின்றார். "இன்னா சம்பந்தி இது? பத்து வருஷமா ஆடறேன். என் ஆளுங்க ஒருத்தன்கூட என் பந்த புடிச்சதில்லயே?"

மிராசுதார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உங்க ஆளுங்க பயந்துகிட்டு வேணும்னே வுட்டிருக்கானுங்க சம்பந்தி! இதுகூடவா தெரியல?"

சிரித்துக்கொண்டே இருந்தவர் பாதியில் நிறுத்தினார். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு மணப்பட்டுக் கடல் கண்ணுக்குத் தெரிந்தது.

4. மறுநாள் காலை

விடிந்ததும் மிராசுதார் தனியாகக் கரும்புக் கொல்லைக்கு வந்தார். கையில் பேட்டும் பந்தும். பாஞ்சாலை உள்ளே துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் அடிக்கிறேன். நெசமாப் புடி. வுட்டின்னா வேல போயிடும்."

அடித்தார், பிடித்தேன். மறுபடி அடித்தார், அதையும் பிடித்தேன். ஒன்றையாவது எட்டாத இடத்துக்கு அடிக்கமாட்டாரா என்று வேண்டிக்கொண்டே ஓடினேன். பத்துப் பந்தும் கைக்கு வந்தன. வியர்த்து வழிய மனுஷர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"ஏண்டா, ஒன்னுகூடவா நல்லா இல்ல?"

"அஞ்சாவது பரவாயில்லீங்க ஐயா."

பேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "வூட்லயே இரு. காவல் உனக்குத்தான்." நாலடி நடந்தவர் நின்று, என்னைப் பார்க்காமலே, "ஞாயித்துக்கெழம ஆட்டத்துல மட்டும் பழையபடி வுட்டுடு. ஊரு பாக்குது" என்றார்.

வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். முதலாளியிடம் உண்மையைச் சொல்லப் பயப்படாதீர்கள். அவர் தனியாக வரும்வரை மட்டும் பொறுத்திருங்கள்.