சிட்னி மேடையில் ஒரு குருநகர்க் குரல்

எழுபத்தாறாம் ஆண்டு ஆவணி மாதத்துப் பிற்பகுதியில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, யாழ்ப்பாணத்துப் பழைய ஆசிரியனாகிய நான், மெல்பேண் நகரின் ஸ்பென்சர் வீதி நிலையத்திலிருந்து சிட்னிக்குப் புகைவண்டி ஏறினேன். தொலைவு தொள்ளாயிரத்து அறுபது கிலோமீற்றர். பழைய கணக்கில் அறுநூறு மைல். என் மகளின் அயல்வீட்டாராகிய சூசைநாதனும் அவர் துணைவியார் பிலோமினாவும் எனக்கு எதிரே அமர்ந்திருந்தனர். சிட்னியை விடச் சூசைநாதனை மேடையில் காணவே நான் புறப்பட்டேன் எனல் தகும். துறைமுக முனையில் வெண்பாய்கள் விரித்தாற்போல் நிற்கும் புதிய அரங்கில், மறுநாள் மாலை, அவர் முதன்முறையாகத் தலைமை வேடத்தில் பாடவிருந்தார்.

"இவர் இண்டைக்கும் நாளைக்கும் கதைக்கமாட்டார் மாஸ்டர். குறை நினையாதேங்கோ" என்றார் பிலோமினா.

"தொண்டை நோவோ பிள்ளை?"

"ஒண்டுமில்லை. நாளைக்கெண்டு குரலைச் சேமிக்கிறார். கலியாணம் கட்டிப் பன்னிரண்டு வருசத்தில இப்பத்தான் எதிர்க்கதை கேளாமல் கதைக்கிறன்."

கழுத்தில் சுற்றிய கம்பளித் துண்டுக்குள் சூசைநாதன் சிரித்தார். வேலிகளுக்கு அப்பால் செம்மறிக் கூட்டங்களும், பொன்தூளாய்ப் பூத்த வாட்டில் மரங்களும் கடந்தன. முற்பகலில் அல்பரியில் வண்டி நின்றது. இருபது சதத்துக்குத் தேநீர் வாங்கினேன். பாடகருக்கு வெந்நீர் மட்டும்.

மேனாட்டு இசைநாடகத்தில் உச்சக்குரல் ஆடவன் பெரும்பாலும் காதலன், அடிக்குரலோன் முனிவன். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட குரலுடையவனைப் பாரிட்டோன் என்பர். தந்தையும் பகைவனும் அவனுக்குரிய வேடங்கள். சூசைநாதன் பாரிட்டோன். அவர் வரலாற்றை அவர் முன்னிலையிலேயே பிலோமினா கூறினார். பிழை நேர்ந்தபோதெல்லாம் கணவர் புருவத்தால் திருத்தினார். யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடற்கரையில் நாட்டுக்கூத்து ராசாவாகப் பாடிய இளைஞர், படிப்புக்காக மெல்பேண் வந்து, அஞ்சல் அலுவலகத்தில் நிரந்தர வேலை பெற்றார். தேவாலயத்தில் இவர் குரலைக் கேட்ட இசையாசிரியை ஒருவர் விடாப்பிடியாகப் பயிற்றினார். அதன்பின் எட்டு ஆண்டுகள், வேலை முடிந்த வேளைகளில், இசைநாடகக் குழுவின் கூட்டுப்பாடகர்.

"கும்பலோட நிக்கிற கள்ளன், கும்பலோட நிக்கிற சிப்பாய், கும்பலோட நிக்கிற பாதிரி. எட்டு வருசமா இவரின்ர முகத்தை நான் தேடித்தான் கண்டுபிடிக்கிறது."

தலைமைப் பாடகருக்குத் தொண்டை அழற்சி கண்டதால் அவ்வேடத்தைப் பயின்று வைத்திருந்த இவருக்கு அவ்வொரு நாள் வாய்த்தது. நன்கு அமைந்தால், அடுத்த ஆண்டு முழுநேரப் பாடகராகலாம். ஆனால் அஞ்சல் வேலையைத் துறக்க வேண்டும்.

"பென்சன் உள்ள வேலை, மாஸ்டர்" என்று பிலோமினா குரலைத் தாழ்த்தினார். "பாடி முடியட்டும், பிறகு பாப்பம் எண்டு சொல்லிப்போட்டன்."

இம்முறை புருவம் அசையவில்லை. சூசைநாதன் சாளரத்துக்கு வெளியே பார்த்தார்.

சனிக்கிழமை மாலை அரங்கின் அகன்ற படிகளில் இளைஞனைப் போல் விரைந்து ஏறினேன். பிலோமினாவின் தம்பி அந்தோனி, சிட்னியில் பொறியியலாளர், எங்களுக்காகக் காத்திருந்தார். கையில் பெரிய கடதாசிப் பை.

"என்ன தம்பி அது?"

"மாலை, மாஸ்டர். கார்னேசன் பூ. நானே கட்டினனான். ராசா வரவுக்கு மாலை போடாட்டி ஊரில என்ன சொல்லுவினம்?"

கூத்தில் அரச வேடத்தார் முதன்முதல் அவைக்கு வருதலை வரவு என்பர். அப்போது உறவினர் மேடையேறி மாலையிடுவது குருநகர் வழக்கம். இங்கே அது இயலாது என்று தமக்கையார் கண்டித்தார். அந்தோனி தலையசைத்தார், பையை மட்டும் விடவில்லை.

திரை உயர்ந்தது. இத்தாலிய மொழி, மகளை இழந்த தந்தையின் கதை. சூசைநாதன் மேடையின் பின்புறத்திலிருந்து வந்தார். முதல் அடிகள் அளவோடும் அச்சத்தோடும் ஒலித்தன. வாத்தியங்கள் அக்குரலை மூடின. பிலோமினா என் கையைப் பற்றினார்.

அந்நேரம் அந்தோனி எழுந்தார். நான் அவர் மேற்சட்டை நுனியைப் பிடித்தும் பயனில்லை. மாலையோடு முன்னே நடந்தவர், இசைக்கருவியாளர் அமரும் ஆழ்ந்த பள்ளத்தின் விளிம்பில் திகைத்து நின்றுவிட்டார். ஊரில் மேடைக்கும் மக்களுக்கும் இடையே அப்படியொரு பள்ளம் கிடையாது. பணிப்பெண் ஒருவர் விரைந்து வந்து அவர் தோளைத் தொட்டார்.

சூசைநாதன் மாலையைக் கண்டார். கண்டவர், கூத்து ராசா அவைக்கு வருவதுபோல் மார்பை நிமிர்த்தி, மேடையின் முன்விளிம்பு வரை நடந்து வந்தார். வாத்தியக் குழுவை நடத்துபவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அடுத்த அடி எழுந்தது. அதை எப்படி எழுதுவேன்? ஒலிபெருக்கி அறியாத கடற்கரைத் திடலில், கடைசி ஓலைப்பாயில் இருப்பவனுக்கும் கேட்கப் பாடிப் பழகிய குரல் அது. வாத்தியங்கள் அனைத்தையும் தாண்டி அரங்கின் கடைக்கோடிச் சுவரைத் தொட்டது. அதன்பின் மூன்று மணிநேரமும் அவர் ஓரடியும் தளரவில்லை. இறுதியில் அவை முழுதும் எழுந்து நின்றது.

ஒப்பனை அறை வாயிலில் குழுவின் மேலாளர் அவரைத் தழுவினார். அடுத்த ஆண்டுக்கு மூன்று வேடங்கள். விடை உடனே வேண்டும் என்றார். சூசைநாதன் மனைவியை நோக்கினார்.

"நீர் என்ன சொல்லுறீர்?"

பிலோமினா கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"என்னத்தைச் சொல்லுறது? தபால் கந்தோருக்கு நீங்கள் போய்ச் சொல்லுறியளோ, நான் போய்ச் சொல்லட்டோ?"

ஞாயிறு காலை சிட்னியை விட்டுப் புறப்பட்டோம். யாழ்ப்பாணத்தில் ஒருவர் ஓய்வூதியமுள்ள வேலையை விட்டார் என்றால், அன்று மாலைக்குள் உறவினர் துக்கம் விசாரிக்க வந்து அமர்ந்து கதிரைகளை நிரப்பிவிடுவர். சிட்னி நிலையத்துக்கும் எம்மவர் ஏழெட்டுக் குடும்பத்தார் வந்திருந்தனர். பென்சனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த நாடகத்துக்கு முன்வரிசையில் எத்தனை இருக்கை கிடைக்கும் என்பதிலேயே, வண்டி நகரும்வரை, அவர்களுக்குள் வாக்குவாதமாக இருந்தது.