பாடாங் கோத்தாவில் ஒரு சாக்பீஸ் கோடு

வாளியில் துள்ளும் இறாலின் வாடை, தண்ணீர் இறங்கியதும் மேலே வரும் சேற்று வாடை, நடுவில் யாரோ பிரித்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தின் சம்பல் வாசம்... எண்பதுகளின் பினாங்கு பாடாங் கோத்தா கடற்சுவரை நினைத்தாலே எனக்கு இந்த மூன்றும்தான் முதலில் மூக்கில் ஏறும்.

நான் தூண்டில் பிடித்தவள் இல்லை. ஏழு மாத வயிற்றோடு மரத்தடியில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு மீன்பிடிப் போட்டி. என் வீட்டுக்காரரும் வந்திருந்தார், என் அண்ணனும் வந்திருந்தார். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதுதான் என் தலைவலி.

சண்டை எதனால் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

கல்யாணமான புதிதில் அண்ணன் பாகான் டாலாமிலிருந்து ஃபெரி ஏறி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு, சுங்கை பினாங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தார். இவர் வாசலில் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, கையெல்லாம் எண்ணெய்க் கறுப்போடு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார். தலையை ஆட்டினார். மறுபடியும் செயினைப் பார்க்கக் குனிந்துவிட்டார். "வாங்க" என்று ஒரு வார்த்தை வரவில்லை!

அவ்வளவுதான். நான் கோப்பி கலக்கிக்கொண்டு வருவதற்குள் அண்ணன் பழத்தைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இவரைக் கேட்டால், நம்ம வீட்டு ஆளுக்கு எதற்கு வாங்க போங்க என்கிறார். அண்ணனோ, அவர் வாயால் கூப்பிடாமல் அந்தப் படியை மிதிக்கமாட்டேன் என்று நிற்கிறார். நடுவில் நான்.

இதோ வளைகாப்பு வரப்போகிறது. மகன் போகாத வீட்டுக்கு நான் மட்டும் எப்படி வருவது என்று அம்மாவும் கையை விரித்துவிட்டார். தாய்வீட்டு வளையல் ஏறாமல் என்ன வளைகாப்பு?

போட்டியில் யாருக்கு எந்த இடம் என்று சீட்டுக் குலுக்கித்தான் கொடுப்பார்கள். என் நேரத்தைப் பாருங்கள்... இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம்.

சுவரோரம் நடைபாதையில் சாக்பீஸால் கோடு போட்டு இடம் பிரித்திருந்தார்கள். ஒருவர் தூண்டில் வீசினால் அடுத்தவர் மேல் படாத தூரம். அவர் கூப்பிடாமல் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. அவர் வாளியைக்கூடத் தொடக்கூடாது. மாட்டிய மீன் பக்கத்து ஆள் பக்கம் ஓடினால், வாய் திறந்து வழி கேட்கவேண்டும். கேட்டுவிட்டால் அவர் தன் தூண்டில் நரம்பைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கியே ஆகவேண்டும். சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாருக்கும் அதுதான் மரியாதை.

முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நடுவில் கோடு இருக்கிறது, அடிதடி வராது என்று.

வெயில் ஏறும் நேரம் இவருடைய தூண்டில் வளைந்தது. வளைந்த வளைவைப் பார்த்ததும் நாலா பக்கமும் தலைகள் திரும்பின. பெரிய சியாக்காப் மீன். அது நேராக எங்கே ஓட வேண்டும்? என் அண்ணன் பக்கம்!

அண்ணனின் நரம்பு தண்ணீரில் கிடக்கிறது. இரண்டும் சிக்கினால் அறுந்துவிடும். இவர் வாயைத் திறக்கவில்லை. அண்ணனும் ஏதோ கப்பலைப் பார்ப்பதுபோல் கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எழுந்துபோய் இரண்டு தலையிலும் ஒவ்வொரு குட்டு வைக்கலாமா என்று வந்தது எனக்கு.

கடைசியில் இவர்தான் இறங்கி வந்தார். "மச்சான்... உங்க பக்கம் வருது. கொஞ்சம் வழி விடுங்க."

அண்ணன் மளமளவென்று நரம்பைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

மீன் தவித்துத் தவித்து சுவரடிக்கு வந்துவிட்டது. இனி மேலே தூக்கவேண்டும். சுவரோ உயரம், இவர் கொண்டுவந்த வலைக்குக் குட்டைப் பிடி. எட்டவில்லை. எதையும் யோசித்து எடுத்துவரும் ஆளா இவர்? அண்ணனிடம் நீளமான மூங்கில் பிடி போட்ட வலை இருந்தது. அதை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வந்தவர்... கோட்டருகே வந்ததும் நின்றுவிட்டார். செருப்பு நுனி சாக்பீஸ் கோட்டில் படவில்லை.

அடுத்த இடத்துச் சீன அங்கிள் பொறுக்கமாட்டாமல், "மாசோக் லா, மாசோக்," என்று உள்ளே போகச் சொல்கிறார். அண்ணன் அசையவில்லை.

"வரலாமா மாப்ள?"

மெதுவாகத்தான் கேட்டார். இவர் திரும்பினார். வலையைப் பார்த்தார், கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற காலைப் பார்த்தார். பிறகு மரத்தடியில் இருந்த என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு எல்லாம் உறைத்தது என்று நினைக்கிறேன்.

"வாங்க மச்சான். உள்ள வாங்க."

அண்ணன் கோட்டைத் தாண்டினார்.

மீன் மேலே வந்தது, கைதட்டினார்கள், எனக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. கண்ணெல்லாம் தண்ணீர். பரிசு வேறு யாருக்கோ போனது, போகட்டும். கையைத் துடைத்துக்கொண்டே அண்ணன் என்னிடம் வந்து, ஒன்றும் தெரியாதவர் மாதிரி, "வளைகாப்பு என்னைக்கும்மா?" என்றார். அப்பாடா... அன்றைக்கு நாசி லெமாக்கை அப்படிச் சாப்பிட்டேன்.

வளைகாப்பன்று அம்மாவும் அண்ணனும் டாக்சியிலிருந்து இறங்குவதற்கு முன்பே இவர் கையைக் கழுவித் துடைத்து வாசலில் நின்று "வாங்க வாங்க" என்று கூப்பிட்டார். தெருவுக்கே கேட்டிருக்கும்.

போன மாதம் அந்தச் சுவரோரம் நடந்தேன். கோடும் இல்லை, தூரமும் இல்லை. தோளோடு தோள் இடித்துக்கொண்டு தூண்டில் போடுகிறார்கள், ஒரு கையில் ஃபோன். நரம்பு சிக்கினால் முறைத்துக்கொள்கிறார்கள், வழி கேட்பார் யாருமில்லை. கொஞ்சம் என்னவோபோல் இருந்தது.

ஆனால் எங்கள் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? நேற்று அண்ணன் வந்தார். இவர் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அண்ணனும் கூப்பிடட்டும் என்று வாசலில் நிற்கவில்லை, நேரே போய் ஃபிரிட்ஜைத் திறந்து ஐஸ் தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டு சோபாவில் இவர் பக்கத்தில் சாய்ந்துவிட்டார்.

நான்தான் இன்னமும் அடுப்படியிலிருந்து, "வாங்கண்ணே," என்று சத்தமாக ஒரு குரல் கொடுத்துவிடுகிறேன்... எதற்கும் இருக்கட்டும்.